தெற்குவாசல் பாலம் ஏறாத ஸ்கூட்டர்: 72 வோல்ட் பேட்டரிக்கு மாறலாமா?

மதுரை வில்லாபுரம் பக்கமிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவது அவர் தொழில். 19 மாதத்துக்கு முன்பு லைசென்ஸும் பதிவு எண்ணும் தேவைப்படாத, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார். அதில் 12 வோல்ட் 28 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) ஆசிட் பேட்டரிகள் ஐந்து, தொடராக இணைத்து 60 வோல்ட். ஷோரூமில் சொன்ன மைலேஜ் ஒரு சார்ஜுக்கு 70 கிலோமீட்டர். புதிதில் கிடைத்தது 50க்குள். மாதம் 26 நாள், நாளுக்கு 34 கிலோமீட்டர், வண்டியில் 35 கிலோ மாவு.

பதினோராவது மாதமே வண்டி தளர ஆரம்பித்தது. ஷோரூமுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு 12 நாள் கழித்து வந்து எடுத்தால், மைலேஜ் திடீரென்று பாதியாகிவிட்டது. இப்போது 22 கிலோமீட்டரில் நிற்கிறது. தெற்குவாசல் பாலத்தில் இறங்கித் தள்ளுகிறார். ஷோரூமில் மறுபடி கேட்டதற்கு, "வாரண்டி ஒரு வருஷம்தான், அதுவும் நீங்கள் வியாபாரத்துக்கு ஓட்டுகிறீர்கள், கிடைக்காது" என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது அவர் முன்னால் மூன்று வழிகள். ஷோரூமில் அதே ஆசிட் பேட்டரி செட், பழையதைக் கழித்துக்கொண்டு 17,500 ரூபாய். இன்னொரு கடையில் 60 வோல்ட் 30 ஏஎச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, அதற்கான சார்ஜரோடு 36,000 ரூபாய், மூன்று வருட வாரண்டி எழுத்தில். தெரு முனை மெக்கானிக் சொல்வது மூன்றாவது: 72 வோல்ட் 40 ஏஎச் பாஸ்பேட் பேட்டரி, 32,000 ரூபாய். பழைய சார்ஜரே போதுமாம், ஒரு ஒயரை வெட்டிவிட்டால் 55 கிலோமீட்டர் வேகம் போகுமாம், ஒரு சார்ஜுக்கு 120 கிலோமீட்டர் நிச்சயமாம். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கும் மகன் மெக்கானிக் பக்கம். கணவர், லித்தியம் என்றாலே வெடிக்கும் என்று பயப்படுகிறார். "எது நல்லது? பழைய சார்ஜர் போதுமா? போலீஸ் பிடிப்பார்களா? ஷோரூமிடம் காசு வாங்க வழியுண்டா?" என்று கேட்டிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். மெக்கானிக் காட்டிய பேட்டரியைத் தூக்கிப் பார்த்தாராம். கடையில் எடை போட்டபோது 12 கிலோதான் இருந்ததாம், அவ்வளவு லேசாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஓர வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், இப்போது இருக்கும் பேட்டரிக்கு என்ன ஆனது என்று பார்த்துவிடுவோம். 17 வருடமாக பேட்டரி கட்டும் வேலையில் இருக்கிறேன். நோய் என்னவென்று பார்க்காமல் பெரிய பேட்டரி வாங்கி ஏமாந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பழைய பேட்டரியின் கணக்கு

உங்கள் ஐந்து பேட்டரியும் சேர்ந்து 60 வோல்ட், 28 ஏஎச். இரண்டையும் பெருக்கினால் 1,680 வாட்-மணி. சக்தி எவ்வளவு என்பதை வாட்-மணியில்தான் பேச வேண்டும். வோல்ட்டை மட்டும், ஏஎச்சை மட்டும் வைத்துப் பேசினால் வியாபாரி நம்மைச் சுற்றிவிடுவார். ஆசிட் பேட்டரியில் எழுதியிருப்பது முழுதும் நம் கைக்கு வராது. பாரம் ஏற்றி ஓட்டும்போது முக்கால் பங்கு வந்தால் பெரிய விஷயம், அதாவது 1,200 சொச்சம். மாவு வாளிகளோடு நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 வாட்-மணி ஆகும் என்று வைத்துக்கொள்கிறேன். 1,200ஐ 25ஆல் வகுத்தால் 48. புதிதில் உங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். ஆக, 70 என்பது ஆள் இல்லாத சமதளச் சாலையில், ஒல்லியான ஒருவர், மாவு இல்லாமல் ஓட்டினால் கிடைக்கும் கணக்கு.

இனி ஆயுள். தினமும் 34 கிலோமீட்டர் என்றால், இருக்கும் சக்தியில் 70 சதவீதத்தை நாள்தோறும் காலி செய்கிறீர்கள். அப்படி ஆழமாக இறக்கி ஏற்றினால் இந்த ரக ஆசிட் பேட்டரி 300 முதல் 500 முறை தாங்கும். நீங்கள் 19 மாதத்தில் கிட்டத்தட்ட 490 முறை சார்ஜ் போட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், உங்களுக்குப் பிடிக்காத செய்திதான்: பேட்டரி தன் ஆயுளை ஏறக்குறைய முடித்துவிட்டது. முழுக்க முழுக்க ஷோரூம் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பதினோராவது மாதத்தில் தளர்ந்தபோது எண்ணிக்கை 280 சொச்சம்தான். அந்த இடத்தில் உங்கள் புகாருக்கு உயிர் இருக்கிறது.

பொங்கல் விஷயம் வேறு. பாதி இறங்கிய ஆசிட் பேட்டரியை அப்படியே 12 நாள் விட்டால், உள்ளே தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தப் பகுதி வேலைக்கு வராது. ஏற்கெனவே தளர்ந்திருந்த ஐந்தில் ஒன்று அந்த 12 நாளில் படுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தொடராக இணைத்த ஐந்தில் ஒன்று படுத்தால், நல்ல நான்கும் அதன் பின்னால் நின்றுவிடும். மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாமல் ஒரேயடியாகப் பாதியானது இதைத்தான் காட்டுகிறது.

இதை உறுதி செய்ய மகனிடம் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். இரவு முழு சார்ஜ் போட்டு, இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, ஐந்தையும் தனித்தனியே அளந்து எழுதட்டும். பிறகு வண்டி திணறும் வரை ஓட்டிவிட்டு, ஒருவர் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து பிரேக்கை லேசாக அழுத்தி ஆக்ஸிலேட்டர் கொடுக்க, மறுபடி அளக்கட்டும். நான்கு 12க்குப் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் 10.5க்குக் கீழே விழுந்தால் அதுதான் குற்றவாளி. "அப்போ அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடலாமே" என்று கேட்பீர்கள். 19 மாதம் உழைத்த நான்கோடு புதிது ஒன்றைக் கோத்தால், மூன்று நான்கு மாதத்துக்கு ஓடும். அடுத்த பலவீனம் வேறொன்றில் தலைகாட்டும். கையில் காசு இல்லாத நேரத்துக்கு அது ஒரு தற்காலிக வழி, அவ்வளவுதான்.

அந்தச் சோதனையோடு இரண்டு சின்னக் காரியமும் பார்த்துவிடுங்கள். டயரில் காற்று எவ்வளவு, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் தடையில்லாமல் சுற்றுகிறதா. பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடும் வண்டிக்கு எந்த பேட்டரி போட்டாலும் வீண்.

பெரிய பேட்டரி போட்டால் வேகம் வருமா?

இது உங்கள் கடிதத்தில் பல இடத்தில் தெரியும் எண்ணம், திருத்திவிடுகிறேன். பேட்டரியின் ஏஎச் கூடினால் தூரம் கூடும். வேகமும் இழுவையும் அதனால் கூடாது. வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட். இழுவையைத் தீர்மானிப்பது மோட்டாருக்குள் போகும் ஆம்பியர். அதைக் கட்டுப்படுத்துவது கண்ட்ரோலர் என்ற பெட்டி. தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கினால் குழாயில் வேகமாகத் தண்ணீர் வராதல்லவா, அதிக நேரம் வரும். தொட்டியை உயரத்தில் தூக்கி வைத்தால் வேகம் வரும். அந்த உயரம்தான் வோல்ட்.

அப்படியானால் பாலத்தில் ஏன் நிற்கிறது? தேய்ந்த ஆசிட் பேட்டரியில் பாரம் விழுந்ததும் வோல்ட் சரியும். 60 வோல்ட் ஆசிட் செட்டுக்கான கண்ட்ரோலர் சுமார் 52.5 வோல்ட்டில் மின்சாரத்தை வெட்டிவிடும். பேட்டரிக்குள் மிச்சம் இருக்கும், ஆனால் ஏற்றத்தில் வோல்ட் அந்தக் கோட்டுக்குக் கீழே போகிறது, வண்டி நிற்கிறது. நல்ல லித்தியம் பேட்டரியில் இந்தச் சரிவு மிகக் குறைவு. அதனால் அதே 60 வோல்ட்டில் நல்ல பேட்டரி போட்டாலே பாலம் ஏறிவிடும். அதுதவிர, இப்போதைய ஐந்தும் சேர்ந்து 40 கிலோவுக்கு மேல் இருக்கும். பாஸ்பேட் பேட்டரி அதில் பாதிகூட வராது. ஒரு பெரிய மாவு வாளியை இறக்கி வைத்ததற்குச் சமம்.

72 வோல்ட் ஏன் வேண்டாம் என்கிறேன்

பெயருக்கு 72 என்றாலும், லித்தியத்தில் முழு சார்ஜில் அது 84 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கும். உங்கள் கண்ட்ரோலர் 60 வோல்ட் ஆசிட் செட்டுக்கு ஆனது, அது பார்க்கும் உச்சம் 74 வோல்ட். மேற்கொண்டு 10 வோல்ட் ஏறினால் சில கண்ட்ரோலர் தாங்கும், சில புகைந்துவிடும். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் கன்வர்ட்டர் அதற்கும் முன்னால் போகும். இதெல்லாம் செலவுதான், மாற்றிக்கொள்ளலாம். என் கவலை பிரேக். 25 வேகத்துக்கு வைத்த டிரம் பிரேக் அது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 35 கிலோ மாவோடு பாலத்திலிருந்து 50ல் இறங்கி, கீழே ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வேகம் கூடினால் மைலேஜும் அடிவாங்கும். 25ல் கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி குடிக்கும் வண்டி, 50ல் காற்றைத் தள்ளியே நிறையச் செலவழிக்கும். 55 வேகமும் 120 கிலோமீட்டரும் சேர்ந்து கிடைக்காது. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தாலாவது மெக்கானிக்கை நம்பியிருக்கலாம்.

அந்த 12 கிலோ

சரி, இப்போது ஓரத்தில் எழுதிய வரிக்கு வருவோம். நீங்கள் தராசு வைத்துத் தொழில் செய்பவர், இது உங்களுக்கு உடனே பிடிபடும். பாஸ்பேட்டில் பட்டறைகளில் அதிகம் புழங்குவது 32700 என்ற உருளை செல். ஒரு செல் 3.2 வோல்ட், 6 ஏஎச், எடை சுமார் 140 கிராம். அதில் 19.2 வாட்-மணி இருக்கிறது. மெக்கானிக் சொல்லும் 72 வோல்ட் 40 ஏஎச் என்பது 2,880 வாட்-மணி. 19.2ஆல் வகுத்தால் 150 செல். 150 செல் 21 கிலோ. இது செல் மட்டும். இரும்புப் பெட்டி, ஒயர், பிஎம்எஸ் என்ற காவல் பலகை எல்லாம் அதற்கு மேல். அப்படியிருக்க மொத்தமே 12 கிலோ எப்படி வரும்?

வர ஒரே வழி, உள்ளே சொன்னதில் பாதிகூட இல்லை. அல்லது உள்ளே இருப்பது பாஸ்பேட்டே இல்லை, கொஞ்சம் எடை குறைந்த, சூடு தாங்குவதில் பலவீனமான வேறு வகை லித்தியம். பழைய பேட்டரிகளைப் பிரித்து எடுத்த செல்லுக்குப் புது நீல உறை மாட்டி விற்பதும் இந்தச் சந்தையில் நடக்கிறது. உங்கள் மெக்கானிக் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவரையும் யாராவது ஏமாற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் 2,880 வாட்-மணி பாஸ்பேட் இல்லை என்பதை மதுரையில் இருக்கும் பெட்டியைப் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டே சொல்ல முடிகிறது. 36,000 சொல்லும் கடையிலும் இதே தராசை வையுங்கள். 60 வோல்ட்டுக்கு அவர்கள் பெரும்பாலும் 20 செல் வரிசை, அதாவது 20 செல்லைத் தொடராகப் போடுவார்கள், 64 வோல்ட். 30 ஏஎச் என்றால் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து செல் சேர்த்து 100 செல், 14 கிலோ. பெட்டியோடு 17, 18 கிலோவாவது காட்ட வேண்டும்.

பழைய சார்ஜரும் பிஎம்எஸ்ஸும்

பழைய சார்ஜர் விஷயத்தில் மகன் ஏன் குழம்பினார் என்று புரிகிறது. உங்கள் ஆசிட் சார்ஜர் சுமார் 73.5 வோல்ட் வரை ஏற்றும். 20 வரிசை பாஸ்பேட் பேட்டரியின் முழு வோல்ட் 73. பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, போதுமே என்று தோன்றும். ஆனால் ஆசிட் சார்ஜர் முழுதாக ஏறிய பிறகும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருக்கும். சிலவற்றில் சல்பேட்டை உடைக்க இடையிடையே உயர் துடிப்பும் வரும். லித்தியத்துக்கு அது ஆகாது. பாஸ்பேட் என்று சொல்லி உள்ளே வேறு வகை செல்லை 16 வரிசை வைத்திருந்தால், அதன் உச்சம் 67.2 வோல்ட்தான். அதில் 73.5ஐத் திணித்தால் தீக்கும் நமக்கும் நடுவில் நிற்பது பிஎம்எஸ் என்ற ஒரு சின்ன பலகை மட்டுமே. ஆகவே சார்ஜர் பேட்டரியோடு சேர்ந்தே வர வேண்டும். பழையதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வீட்டில் இருந்தால் ஒருநாள் அவசரத்தில் யாராவது சொருகிவிடுவார்கள்.

பிஎம்எஸ் என்பது ஒவ்வொரு செல்லையும் கவனித்து, எல்லை தாண்டினால் வெட்டிவிடும் காவல். அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். கண்ட்ரோலரின் ஸ்டிக்கரில் 25 ஆம்ப் என்று இருந்தால், பிஎம்எஸ் தொடர்ந்து 40 ஆம்பாவது தாங்க வேண்டும். இல்லாவிட்டால் பாலத்தின் நடுவில் வெட்டும், நீங்கள் மறுபடி இறங்கித் தள்ளுவீர்கள், புது பேட்டரியும் இப்படியே என்று எனக்குத் திட்டி எழுதுவீர்கள்.

இன்னொன்று, மாற்றியதும் மீட்டரில் தெரியும் பேட்டரிக் கோடுகளை நம்பாதீர்கள். அது ஆசிட் பேட்டரியின் வோல்ட்டுக்குப் பழகியது. பாஸ்பேட்டின் வோல்ட் கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்று, முடிவில் சட்டென்று விழும். மீட்டர் ஃபுல், ஃபுல் என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று காலியாகும். முதல் மாதம் கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி ஓட்டுங்கள்.

லித்தியம் வெடிக்குமா என்ற கணவரின் பயம்

பயத்தில் நியாயம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் அப்படிப் பல விபத்துகள் நடந்த பிறகுதான், பதிவு எண் உள்ள மின்சார வண்டிகளின் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதியை இறுக்கினார்கள். 2022 டிசம்பர் 1ல் ஒரு பகுதியும், 2023 மார்ச் 31ல் மறுபகுதியும் நடைமுறைக்கு வந்தன. உங்கள் வண்டிக்குப் பதிவு இல்லாவிட்டாலும், அந்தச் சோதனையில் தேறிய பேட்டரியா என்று கேட்டு வாங்குங்கள். லித்தியத்தில் பாஸ்பேட் வகை மற்றதைவிடச் சூட்டை நன்றாகத் தாங்கும், அதனால்தான் உங்களுக்கு அதைச் சொல்கிறேன். தீயே பிடிக்காத பேட்டரி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்குப் பேட்டரியைவிட அதிகம் உறுத்தியது நீங்கள் சார்ஜ் போடும் இடம். முன் அறையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் தூங்கும்போது. லைன் வீட்டில் வெளியே போக அந்த ஒரு கதவுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீ பிடித்தால் வழியை மறித்துக்கொண்டுதான் பிடிக்கும். ஆசிட் பேட்டரியாக இருந்தாலும் இந்த இடம் கூடாது, சார்ஜ் முடியும் நேரத்தில் அது ஹைட்ரஜன் விடும். காலை 10 மணிக்கு ஓட்டம் முடிகிறது என்கிறீர்கள். அரை மணி நேரம் ஆறவிட்டு, 11 மணிக்கு வராந்தாவில் போட்டால் மாலை ஓட்டத்துக்கு முன்னால் ஏறிவிடும். 30 ஏஎச் பேட்டரிக்கு 6 ஆம்ப் சார்ஜர் ஐந்து மணி நேரம் எடுக்கும். நிழலான இடமாக இருக்கட்டும், மதுரை மே மாத வெயிலில் சார்ஜ் வேண்டாம். எர்த் சரியாக உள்ள தனி பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. வீட்டுக்காரரிடம் வராந்தாவில் ஒரு பாயிண்ட் கேட்பது சங்கடம்தான், கேட்டுவிடுங்கள். பேட்டரி புகைந்தால் தண்ணீர் ஊற்றிப் பார்க்க நிற்காமல் எல்லோரும் வெளியேறி 101ஐ அழையுங்கள்.

போலீஸ், இன்சூரன்ஸ்

பதிவு வேண்டாம் என்பதால் சட்டமே உங்கள் வண்டிக்கு இல்லை என்று மெக்கானிக் சொன்னது தவறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில், மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதாகச் சோதனை முகமை சான்று தந்த வண்டி மட்டும் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. சலுகை அந்தச் சான்றுக்குத்தான். ஒயரை வெட்டி 55ல் ஓட்டிய அன்றே சலுகை போய்விட்டது. பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத, உங்களைப் போல லைசென்ஸும் இல்லாத ஒருவர் ஓட்டும் மோட்டார் வாகனம் அது. அபராதம்கூடப் போகட்டும். யார் மேலாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில் விழும். மாவு விற்று அடைக்கும் தொகையாக அது இருக்காது.

அதே 60 வோல்ட்டில் வேறு வகை பேட்டரி போடுவது அந்த அளவு ஆபத்தான காரியமில்லை, வேகமும் திறனும் மாறவில்லை. ஆனாலும் கறாராகப் பார்த்தால் சான்று வாங்கியது பேட்டரியோடு சேர்ந்த வண்டி. அதனால் முதலில் உங்கள் வண்டிக் கம்பெனியே அந்த மாடலுக்கு லித்தியம் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால், ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் அதுவே மேல். கிடைக்காவிட்டால் வெளிக்கடை. பதிவு எண் உள்ள வண்டி வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வரி: அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு.

ஷோரூமிடம் என்ன கேட்கலாம்?

வியாபாரத்துக்கு ஓட்டினால் உரிமை கிடையாது என்று அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. வாரண்டி அட்டையில் வணிகப் பயன்பாடு கூடாது என்று வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் நீங்கள் புகார் செய்வதை அது தடுக்காது, உங்கள் வாதத்தைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும்.

உங்கள் பலம் பதினோராவது மாத வாட்ஸ்அப். வாரண்டிக்குள் புகார் சொன்னீர்கள், அவர்கள் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு போனிலும் வையுங்கள். பலவீனம், 490 முறை ஓடிவிட்டது என்பதும் பொங்கல் 12 நாளும். முழு பேட்டரி விலையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒரு பகுதியைக் கழித்துத் தரச் சொல்லிக் கேட்பதுதான் நியாயமாக நிற்கும். முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நீங்களே கொடுக்கலாம். பிரச்சினை தொடங்கியதிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, நிறையப் பேர் தவறவிடுவார்கள். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால் உங்கள் சாட்சியும் போய்விடும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு பேட்டரி கடையில் ஐந்துக்கும் லோடு டெஸ்ட் எடுத்து, வரிசை எண்களோடு பில் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காயலான் கடையில் போட வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரித்தவர்களுக்கு இருக்கிறது, ஈயத்துக்கு விலையும் உண்டு.

எதை வாங்குவது?

தினம் 34 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 25 என்றால் உங்கள் தேவை 850 வாட்-மணி. 64 வோல்ட் 30 ஏஎச் என்பது 1,920. அதில் 90 சதவீதம் எடுத்தாலும் 69 கிலோமீட்டர். ஐந்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தாலும் 55. அதனால் 40 ஏஎச் உங்களுக்கு எதற்கு? அந்தக் கடையில் 24 ஏஎச் இருந்தால் விலை கேட்டுப் பாருங்கள், அதுவே 55 கிலோமீட்டர் கொடுக்கும். நல்ல பாஸ்பேட் 1,500 முறையாவது தாங்கும், உங்கள் ஓட்டத்துக்கு நான்கரை, ஐந்து வருடம். 36,000ஐ ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 7,200. ஆசிட் செட் 17,500, ஒன்றரை வருடம் ஓடினால் வருடத்துக்கு 11,600க்கு மேல். கையில் 36,000 இல்லை, கந்து வட்டிக்கு வாங்கித்தான் போட வேண்டும் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது இன்னொரு ஆசிட் செட் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகும் முன் முழு சார்ஜ் போட்டு வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டு, ஒன்றரை வருடம் சேர்த்து வையுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

காசு கொடுக்கும் முன் அந்தக் கடையில் கேட்க வேண்டியவை:

எடை எவ்வளவு, எத்தனை செல் வரிசை, என்ன செல் என்பதை பில்லில் எழுதித் தருவார்களா.

முழு சார்ஜிலிருந்து காலியாகும் வரை உங்கள் முன்னால் இறக்கிக் காட்டி, எத்தனை வாட்-மணி வந்தது என்று மீட்டரில் காட்டுவார்களா. அரை நாள் ஆகும், போய் உட்காருங்கள்.

மூன்று வருடத்தில் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள். "வாரண்டி உண்டு" என்ற வாய்வார்த்தை உங்களுக்கு ஒருமுறை பட்டது போதும்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், ஆடாமல் பிடிக்கும் கிளாம்ப். இப்போது ஐந்து பேட்டரி இருந்த இடத்தில் சின்னப் பெட்டி வரும், மீதி இடத்தில் தெர்மாகோலை அடைத்து விட்டுவிடுவார்கள். நம் சாலைக் குழிகளில் ஆறு மாதத்தில் ஒயர் உரசி வெளியே தெரியும்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஆர்வம் நல்லது, அளக்கும் வேலை முழுக்க அவரிடமே விடுங்கள். ஆனால் லித்தியம் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும் என்று எழுதியிருந்தீர்களே, அது மட்டும் வேண்டாம். ஒரு ஸ்பேனர் தவறி இரண்டு முனையில் விழுந்தால் வெல்டிங் அடித்தது போல் பற்றிக்கொள்ளும், அதில் ஸ்விட்ச் எதுவும் கிடையாது. மோதிரம், கைச்சங்கிலி போட்டுக்கொண்டு ஆசிட் பேட்டரியில்கூடக் கை வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த மல்டிமீட்டர் சோதனையை முடித்துவிட்டு, ஓட்டுவதற்கு முன் ஐந்து எண், பின் ஐந்து எண், கண்ட்ரோலர் ஸ்டிக்கரில் எழுதியிருப்பது, மூன்றையும் எனக்கு எழுதுங்கள். மெக்கானிக்குக் கொடுத்த 2,000 அட்வான்ஸை அதற்குள் திரும்பக் கேட்டுவிடுங்கள். தராவிட்டால், தராசைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியை அவர் முன்னாலேயே மறுபடி நிறுத்தி, 150 செல் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.